தொடாம நிக்கணுமாம்

வாம்மா, உள்ள வா. சத்திரப்பட்டியிலருந்து பஸ்லயா வந்த, இந்த வெயில்ல? போன் போட்டிருந்தாலே சொல்லியிருப்பேனே. இல்ல, நேர்ல வந்ததும் நல்லதுதான். போன்ல பேசிப் பேசி நாங்க பட்டது போதும். உக்காரு. மோர் குடிக்கியா? அப்புறமாவா, சரி.

உங்க அப்பாவுக்கு எப்படி, கை ஆடுதா, கால் இழுக்குதா? ரெண்டுமா. பேச்சு? பேச்சு இன்னும் இருக்குல்ல, அது வரைக்கும் நீ கொடுத்து வச்சவ. டாக்டர் உன்கிட்டயும் அதையே சொல்லிட்டாராக்கும். வீட்டுல இருந்துக்கிட்டே போனுக்கு முன்னால உடற்பயிற்சி, அந்தப் பக்கம் ஒரு பொண்ணு பாத்துக்கிட்டே இருக்கும், தப்பாச் செஞ்சா திருத்தும், ஆஸ்பத்திரிக்கு அலைய வேண்டாம்னு. அதான் சேக்கலாமா வேண்டாமான்னு கேக்க வந்திருக்க. நான் நடந்ததை நடந்தபடி சொல்றேன். கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன். கேட்டுட்டு நீயே முடிவு பண்ணிக்க.

மெதுவாப் பேச வேண்டாம். எங்க வீட்டுக்காரவுக முழிச்சுதான் இருக்காக. அந்தா, கதவு திறந்துதான் கிடக்கு, கட்டில் இங்கிருந்தே தெரியும் பாரு. கேக்கட்டும். அவுகளுக்குத் தெரியாததையா நான் சொல்லப் போறேன்.

எங்க வீட்டு ஆளு மில்லுல ஸ்பின்னிங் மாஸ்டர். பேரைச் சொல்லிக் கேட்டா இந்தத் தெருவுல பாதிப் பேருக்குத் தெரியாது, மாஸ்டர் வீடுன்னு கேட்டாத்தான் கையைக் காட்டுவாங்க. நீயும் அப்படிக் கேட்டுத்தான் வந்திருப்ப. அவுக ஷிஃப்ட்டுக்குள்ள நுழைஞ்சாகன்னா உக்காந்திருக்கிறவன் எந்திரிப்பான், எந்திரிச்சு நிக்கிறவன் மிசின்கிட்ட ஓடுவான். அப்படி ஒரு நடை. வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட்டு. பஞ்சுக்குள்ள நாள் பூரா நின்னுட்டு ஒரு தூசி ஒட்டாம வீட்டுக்கு வர்ற ஆளு, நம்ப மாட்ட.

முதல்ல கையெழுத்து சிறுத்துச்சு. எறும்பு போன மாதிரி ஆயிருச்சு, பேங்க்ல செக்கைத் திருப்பிக் கொடுத்துட்டான். அப்புறம் நடக்கும்போது ஒரு கை வீசவே வீசாது. நான் அதை வயசான கம்பீரம்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் முகம். என்ன சொன்னாலும் சிரிக்கிறதே இல்ல. எனக்குக் கோவம், ஒரு தடவை பேசாமக்கூட இருந்தேன். மதுரை டாக்டர்தான் சொன்னாரு, முகத்துச் சதையே இறுகிப் போச்சும்மா, உள்ள சிரிச்சாலும் வெளிய வராதுன்னு. பார்க்கின்சன்னு பேரும் சொன்னாரு. மாத்திரை பாதி, உடற்பயிற்சி பாதி, ரெண்டுல எதை விட்டாலும் நோவு முந்திக்கும்னாரு.

என் மகன் திருமலை ஹைதராபாத்துல இருக்கான். அவன்தான் தேடிப் பிடிச்சு, கோயம்புத்தூர்ல ஏதோ கம்பெனியாம், அதுல சேத்து விட்டான். போனை நிக்க வைக்க ஒரு ஸ்டாண்டு அனுப்பினான். அந்தப் பக்கம் ஷெரின்னு ஒரு பொண்ணு. நாகர்கோவில்காரி. என்னை ஆன்ட்டி, அவுகளை அங்கிள். மாஸ்டர்னு கூப்பிடும்மான்னேன். சரி ஆன்ட்டின்னுச்சு, மறுநாளும் அங்கிள்தான்.

முதல் நாளே சட்டம் போட்டா. 'ஆன்ட்டி, நீங்க அங்கிள் பக்கத்துல, கை எட்டுற தூரத்துல நிக்கணும். ஆனா தொடக்கூடாது. விழப்போனா மட்டும் பிடிங்க. அவரே எந்திரிக்கணும், எவ்வளவு நேரம் ஆனாலும் பரவாயில்ல.'

தொடாம நிக்கணுமாம். கேட்டியா? கட்டின நாள்லருந்து அவுக கேக்கிறதுக்கு முன்னால கொண்டுபோய்க் கையில கொடுத்துப் பழகினவ நான். இந்த நோவு வந்ததுக்கப்புறம் சட்டைப் பொத்தான் நான் போடுறேன், சோத்தை நான் பிசைஞ்சு கொடுக்கிறேன். அவுக வாயைத் திறக்கிறதுக்குள்ள என்ன வேணும்னு எனக்குத் தெரியும். அதையும் செய்யக் கூடாதுங்கிறா. பொத்தானை அவரே போடட்டும் ஆன்ட்டி, அரை மணி நேரம் ஆனாலும் விடுங்கங்கிறா. அரை மணி நேரம் புருசன் ஒரு பொத்தானோட மல்லுக்கட்டுறதைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா அவ பொண்டாட்டியா? அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆகலை. அதான் அப்படிப் பேசுது.

முதல்ல கொஞ்ச நாள் வகுப்பு தனியாத்தான் நடந்துச்சு. சேர்ல உக்காந்து எந்திரிக்கணும். கையைப் பெருசா விரிக்கணும், அவ பாசையில பெருசுன்னா சாமானியப் பெருசு இல்ல, ரெண்டு சுவரையும் தொடுற மாதிரி. ஒவ்வொண்ணுக்கும் வாய்விட்டு எண்ணணும். சத்தமா அங்கிள், இன்னும் சத்தமா, எனக்குக் கோயம்புத்தூருக்குக் கேக்கணும்பா. இவுகளும் அடித்தொண்டையிலருந்து கத்துவாக. தெருவுல போறவன் நின்னு எட்டிப் பாத்தான். மாஸ்டர் வீட்டுல என்ன கூப்பாடுன்னு நாலு பேரு கேக்க மாட்டாங்களா? நான் ஜன்னலைச் சாத்திட்டேன்.

ஆனா அவுகளுக்கு அது பிடிச்சிருந்துச்சு. இல்லேங்கலை. வகுப்புக்கு முன்னாடியே வந்து போனுக்கு எதிர்ல உக்காந்திருப்பாக. ஒரு நாள் அந்தப் பொண்ணு ஏதோ சொல்லுச்சு, அவுக சிரிச்சாக. நிஜமாத்தான், உதடு இந்தப் பக்கம் கொஞ்சம் ஏறுச்சு. எனக்குச் சந்தோசம்தான். எங்கிட்டச் சிரிக்காத முகம் போன்ல இருக்கிறவகிட்டச் சிரிக்குதேன்னு மனசுல ஒரு இதுவும் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

அப்பவே இன்னொரு நாள். நான் குளிச்சுட்டு வர்றேன், ஆளைக் காணோம். ரூம்ல இல்ல, பாத்ரூம்ல இல்ல. எட்டிப் பாத்தா தெருக் கேட்டுக்கிட்ட நிக்கிறாக, தனியா. பால்காரன்கிட்டப் பேசிக்கிட்டு. ஹாலு, வாசப்படி, படிக்கட்டு எல்லாம் இறங்கிப் போயிருக்காக. விழுந்திருந்தா? கையைப் பிடிச்சு உள்ள கூட்டிட்டு வந்து, நல்லாச் சத்தம் போட்டு, வாசக்கதவுக்கு மேல் கொக்கி மாட்டிட்டேன். அந்தப் பொண்ணுகிட்டயும் சொன்னேன், பாரும்மா நீ கொடுக்கிற தைரியம் எங்க கொண்டுபோய் விடுதுன்னு. அது கைதட்டுது.

இதோட நின்னிருந்தாப் பரவாயில்ல. திடீர்னு ஒரு நாள், இனி தனியா வேண்டாம் ஆன்ட்டி, நாலஞ்சு வீட்டைச் சேத்து ஒண்ணாச் செய்யலாம், ஒருத்தரைப் பாத்து ஒருத்தருக்குத் தெம்பு வரும்னா. சரின்னு போனைத் திறந்தா கட்டம் கட்டமா மூஞ்சி. ஒரு கட்டத்துல ஒரு டீச்சரம்மா, ஒரு கட்டத்துல யாரோ ரிடையர் ஆன போலீசு. அடுத்த கட்டத்துல யாருன்னு நினைக்கிற? பொன்னுராசு.

உனக்கு எப்படித் தெரியும். மில்லுல ஃபிட்டரு. இவுக கீழ வேலை பாத்தவன். நைட் ஷிஃப்ட்டுல தூங்கினான்னு இவுக அவனை ஒரு தடவை வேலையை நிறுத்தி வீட்டுக்கு அனுப்பி வச்சிருக்காக. அவன் பொண்டாட்டி கைப்பிள்ளையோட வந்து இந்த வாசல்ல நின்னு அழுதுட்டுப் போனா. அந்தப் பொன்னுராசுக்கும் இதே நோவாம். நோவு வர்றதுல ஒரு தராதரம் வேண்டாமா?

இவுகளைப் பாத்ததும் அவன் பட்டுன்னு எந்திரிச்சான். சேர் கையைக்கூடப் பிடிக்கலை. நின்னு, ரெண்டு கையும் ஆட ஆட, 'மாஸ்டர், வணக்கம் மாஸ்டர்'ங்கிறான். அவன் மருமக பக்கத்துல சுவத்துல சாஞ்சு நின்னு வேடிக்கை பாக்குறா. அடுத்து அந்தப் பொண்ணு எல்லாரும் எந்திரிங்கன்னு சொல்லுச்சு. டீச்சரம்மா எந்திரிச்சாச்சு. போலீசு எந்திரிச்சாச்சு. இவுக முன்னால ஆடினாக, பின்னால ஆடினாக, திரும்பச் சேருக்குள்ளயே விழுந்தாக. மறுபடி. மறுபடியும். எல்லாக் கட்டமும் இவுகளையே பாத்துக்கிட்டு நிக்குது.

அப்ப பொன்னுராசு சொல்றான், 'மாஸ்டர், மூக்கு கால் விரலுக்கு நேரா வரணும் மாஸ்டர். நல்லாக் குனிஞ்சு அப்புறம் தள்ளுங்க. அவசரமே இல்ல.' ஃபிட்டரு மாஸ்டருக்குச் சொல்லிக் கொடுக்கிறான். என் மானமே போச்சு.

கடைசியில எந்திரிச்சாக. குனிஞ்சு, முக்கி, அவுகளாத்தான். எல்லாரும் கைதட்டினாங்க. கைதட்டு எதுக்கு? சேர்லருந்து எந்திரிச்சதுக்கா? வகுப்பு முடிஞ்சதும் என்கிட்ட, 'பொன்னுராசு நல்லாத் தேறிட்டான் கோமு. நானும் தேறிருவேன்'னாக. அவமானத்தை மறைக்கத்தான் அப்படிச் சொன்னாக. உள்ளுக்குள்ள என்ன பாடுபட்டிருப்பாகன்னு சொன்னாத்தானா, எனக்குத் தெரியாதா? அன்னைக்கு எனக்குச் சோறு இறங்கலை.

அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடிச்சேன். இது எந்த டாக்டரும் சொல்லிக் கொடுக்கலை. ஹாலுக்கும் உள் ரூமுக்கும் நடுவுல திரை தொங்குது பாரு, நீலத் திரை. சேரை எடுத்துட்டு, முதுகு இல்லாத ஸ்டூலைத் திரைக்கு முன்னால ஒட்டிப் போட்டேன். கெட்டித் துண்டு ஒண்ணை அவுக இடுப்பைச் சுத்திக் கட்டி, மேல சட்டையை இறக்கி விட்டுட்டேன். நான் திரைக்குப் பின்னாடி. கையை மட்டும் திரைக்கு இந்தப் பக்கம் விட்டு, சட்டைக்கடியில துண்டைப் பிடிச்சுக்கிட்டு நிப்பேன். அந்தப் பொண்ணு ரெடின்னதும் ஒரே தூக்கு. ஜம்முன்னு எந்திரிச்சு நிப்பாக. நின்ன இடத்துல காலைத் தூக்கி வைக்கச் சொன்னாலும் ஆடாம அசையாம நிப்பாக, நான் விட்டாத்தானே ஆட.

'ஏன் ஆன்ட்டி ஸ்டூலு'ன்னு கேட்டா. சேர் கால் ஆடுதும்மான்னேன். 'நீங்க எங்க இருக்கீங்க, தெரியலையே'ன்னா. பக்கத்துலதாம்மா நிக்கிறேன்னேன். அதுல பொய் என்ன இருக்கு? பக்கத்துலதானே நின்னேன்.

எல்லாருக்கும் ஆச்சரியம். அங்கிள் சூப்பர், அங்கிள் கலக்கிட்டீங்கன்னு அந்தப் பொண்ணு துள்ளுது. பொன்னுராசு கண்ணைத் துடைக்கிறான், 'மாஸ்டர்னா மாஸ்டர்தான்'ங்கிறான். திரைக்குப் பின்னாடி நின்னு அதைக் கேக்கும்போது எனக்கு மில்லு நாள் திரும்பி வந்துட்ட மாதிரி இருந்துச்சும்மா. என் இடுப்பு விட்டுப் போச்சு, தைலம் தேய்க்காம என்னால குனிய முடியலை. போனாப் போகுதுன்னு இருந்தேன்.

அவுகளா? அவுக முதல் நாள் திரும்பித் திரையைப் பாத்தாக. முடிஞ்சதும், 'வேண்டாம் கோமு. நானே'ன்னாக. நானே நானேன்னா எப்படி, அந்த ஃபிட்டரு முன்னாடி நீங்க தள்ளாடுறதை நான் பாத்துக்கிட்டு நிக்கணுமான்னேன். 'அவன் என்ன'ன்னு ஆரம்பிச்சாக, அதுக்கு மேல குரல் வரலை. ஒரு தடவை வகுப்பு நடக்கும்போதே அந்தப் பொண்ணுகிட்ட என்னமோ சொல்லப் பாத்தாக. அவ, பின்னாடி, பிடின்னு விட்டு விட்டு வார்த்தை வருது. 'அங்கிள், கேக்கலை, சத்தமாச் சொல்லுங்க. ஆன்ட்டி, அங்கிள் என்ன சொல்றாரு'ன்னு அது கேக்குது. தண்ணி கேக்குறாகம்மான்னு சொல்லிட்டேன். வேற என்ன சொல்லச் சொல்ற? தண்ணியும் கொண்டாந்து கொடுத்தேன். டம்ளரைப் பாத்துக்கிட்டே இருந்தாக, குடிக்கலை.

அதுக்கப்புறம் அவுகளுக்கே ஒரு சோம்பேறித்தனம் வந்துருச்சு. முன்னாடி வந்து உக்காந்து காத்திருந்த மனுசனை நான் இழுத்துட்டுப் போக வேண்டியதாச்சு. கத்தி எண்ணுறதும் நின்னு போச்சு. அந்தப் பொண்ணு கேட்டா தொண்டை கட்டியிருக்குன்னு நானே சமாளிப்பேன். கேட்டுப் பக்கம் போறது, பால்காரன், எல்லாம் போச்சு. கொக்கியைக்கூட நான் மாட்டலை, மாட்ட வேண்டிய அவசியமே இல்ல. நோவு முத்துதுன்னு நினைச்சேன். ஆனா போன்ல பாத்தா ஜோராச் செய்றாக. திருமலை போன் பண்ணி, 'அம்மா, அப்பாதான் அந்த குரூப்லயே முதலாம்'ங்கிறான். அவன் குரல்ல அப்படி ஒரு பூரிப்பு. எனக்கும் அழுகையே வந்துருச்சு. பிள்ளை தலையில இருந்து ஒரு பாரத்தை இறக்கி வச்சுட்டேன் பாரு.

நல்லாச் செய்றவுகளை அப்படியே விட வேண்டியதுதானே? விடலையே. 'அங்கிள் இந்த அளவுக்கு வந்துட்டாரு, அடுத்த கட்டத்துக்குப் போகலாம்'ங்கிறா. நடு ஹால்ல தரையில பட்டை பட்டையா டேப்பு ஒட்டணுமாம். ஒவ்வொரு பட்டையாத் தாண்டி நடந்து போயி, கடைசியில திரும்பி, தாண்டிக்கிட்டே வரணுமாம். நடு ஹாலு. திரை எங்கயோ இருக்கு. எனக்கு ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு. ஆனா கேளு, நானே தினம் பாத்துக்கிட்டுத்தானே இருக்கேன், ஸ்டூலை விட்டு எப்படி எந்திரிக்கிறாக, எப்படி நிக்கிறாக. ஊரே சொல்லுது தேறிட்டாகன்னு. மகன் சொல்றான், அந்தப் பொண்ணு சொல்லுது. அத்தனை பேரு சொல்றப்ப எனக்கு மட்டும் எப்படிச் சந்தேகம் வரும்?

அவ சொன்னது வாஸ்தவம், 'ஆன்ட்டி, நீங்க கூடவே நடங்க, கை எட்டுற தூரத்துல'ன்னு. சொல்லலைன்னு நான் சொல்லலை. ஆனா பொன்னுராசு முதல்ல நடந்தான். தனியா. குட்டி குட்டியா எட்டு வச்சுப் போயி, ஆடி அசைஞ்சு திரும்பி வந்துட்டான். அவன் மருமக அதே சுவத்துல சாஞ்சு நிக்கிறா, கையைக் கட்டிக்கிட்டு. அவனே தனியா நடக்கும்போது மாஸ்டருக்கு ஒரு ஆளு துணை நின்னா எப்படி இருக்கும்? நான் போன்கிட்டயே நின்னுக்கிட்டேன்.

அவுக கிளம்புறதுக்கு முன்னாடி என்னைப் பாத்துக் கையை நீட்டினாக. வான்னு கூப்பிடுற மாதிரி. நான், நடங்க, உங்களால முடியும், எல்லாரும் பாக்குறாங்கன்னேன். நடந்தாக. போகும்போது ஒண்ணும் ஆகலை, நம்பு. பட்டையைத் தாண்டித் தாண்டி அந்தக் கோடி வரைக்கும் போனாக. திரும்பும்போதுதான். உடம்பு திரும்பிருச்சு, கால் திரும்பலை. கால் தரையோட ஒட்டிக்கிச்சு. நான் ஓடுறதுக்குள்ள போயிட்டாக கீழ. அந்தச் சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. தேங்காய் விழுந்த மாதிரி.

போன்ல எல்லாரும் கத்துறாங்க. தூக்காதீங்க ஆன்ட்டி, அசைக்காதீங்க, ஆம்புலன்ஸ், ஆம்புலன்ஸ்னு அந்தப் பொண்ணு அலறுது. அந்தப் போலீசுக்காரரு மூஞ்சியைப் பொத்திக்கிட்டாரு. பொன்னுராசு கட்டத்துல ஆளே இல்ல, வெறும் சேரு. பாத்தா ஆம்புலன்ஸுக்கு முன்னாடி ஆட்டோ பிடிச்சு அவன் இங்க நிக்கிறான், மகனைக் கூட்டிக்கிட்டு. ஆடுற கையோட தரையில உக்காந்து, இவுக தலையை மடியில தூக்கி வச்சுக்கிட்டான். 'மாஸ்டர், ஒண்ணும் இல்ல மாஸ்டர், ஒண்ணும் இல்ல'ங்கிறான். அவன் மடியிலயா இவுக கிடக்கணும்? அதுதான் எனக்கு ஆறவே மாட்டேங்குது.

இடுப்பு எலும்பு போச்சு. மதுரையில ஆபரேசன், உள்ள கம்பி. அங்கயும் மறுநாளே நிக்க வைக்கணும், நடக்க வைக்கணும்னு ரெண்டு பேரு வந்துட்டாங்க. இவுக வலியில முனகுறாக. முனகிக்கிட்டே காலை ஊனத்தான் பாக்குறாக, பாவம், சொன்ன பேச்சைக் கேக்கிற மனுசன். நான்தான் போதும்னுட்டேன். ஒரு தடவை பட்டது போதாதா? எங்க பொறுப்புன்னு எழுதிக் கொடுத்துட்டு வீட்டுக்குக் கூட்டிட்டு வந்துட்டேன். இப்ப படுத்த படுக்கை. எல்லாமே நான்தான். பல்லு விளக்கி விடுறதுலருந்து. நெஞ்சுல சளி கட்டுதுங்கிறாங்க, படுத்தே கிடந்தா அப்படித்தானாம். இங்க உள்ள டாக்டரு வந்து பாத்துட்டு என்கிட்ட ஒண்ணும் பேசலை. ஊர்லருந்து வந்திருந்த திருமலையை வெளிய கூட்டிட்டுப் போயிப் பேசினாரு. அதுலயே எனக்குத் தெரிஞ்சு போச்சு.

பயமா இருக்கும்மா. அவுக போயிட்டா நான் யாருக்கு என்ன செய்வேன்.

அந்தப் பொண்ணு வந்துச்சு. கோயம்புத்தூர்லருந்து பஸ் ஏறி, ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டு. பாத்தா சின்னப் பிள்ளை, போன்ல பெரியவளாத் தெரிஞ்சா. அவுக கட்டிலுக்குப் பக்கத்துல உக்காந்து அழுதா. 'எல்லாம் நல்லாத்தானே செஞ்சாரு ஆன்ட்டி, நான் எங்க தப்பு பண்ணேன்னே தெரியலையே. திரும்பத் திரும்ப யோசிச்சுப் பாக்குறேன். இவ்வளவு நல்லா எந்திரிக்கிறவரு இப்படி விழ மாட்டாரே'ங்கிறா. உனக்குக் கண்ணு இல்லையா, அவ்வளவு தூரத்துல உக்காந்துக்கிட்டு ஒரு மனுசனை ஆட்டி வச்சா இப்படித்தான் ஆகும்னேன். நல்லாக் கேட்டேன்.

துண்டு விசயமா? அதை எதுக்கு அவகிட்டச் சொல்லணும்? அது புருசன் பொண்டாட்டிக்குள்ள. அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்? நான் பிடிச்சிருந்த வரைக்கும் அவுக விழலையே.

ஆனா அன்னைக்கு இவுக அந்தப் பொண்ணு கையைப் பிடிச்சுக்கிட்டாக, விடவே இல்ல. வாய் அசையுது, காத்துதான் வருது. அது காதைக் கொண்டுபோயி வாய்கிட்ட வச்சுக் கேக்குது. வலிக்குதும்மா அவுகளுக்கு, தொந்தரவு பண்ணாதன்னு நான்தான் கையைப் பிரிச்சு விட்டேன். அவுக கண்ணுலருந்து தண்ணி. வலி தாங்கலை போல.

திருமலை கம்பெனிக்கு ஒரு கடுதாசி போட்டான். அவளை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. நல்ல வேளை, இன்னொரு குடும்பம் தப்பிச்சுது. பொன்னுராசுதான் வந்து புலம்புறான், அந்தப் பொண்ணு போனதோட எங்க குரூப்பே நின்னு போச்சும்மா, எனக்கும் கால் மறுபடி இழுக்க ஆரம்பிச்சிருச்சுன்னு. இழுக்கத்தான் செய்யும், அது நோவு. போன வாரம் பாத்தேன், இந்த வாசப்படியில ஏற அவனால முடியலை. மகன் தோளைப் பிடிச்சுக்கிட்டு ஏறினான். பாக்கக் கஷ்டமாத்தான் இருந்துச்சு, எதிரியா என்ன.

அதனால சொல்றேன், உங்க அப்பாவை அதுல சேக்காத. நடக்கிற வரைக்கும் நடக்கட்டும். நீ கூடவே இரு, எல்லாத்தையும் நீயே எடுத்துக் கொடு, அவரு அசைய வேண்டாம். என்ன தாயி யோசிக்க? உங்க அப்பாவும் நானே நானேங்கிறாராக்கும். எல்லா ஆம்பளையும் அப்படித்தான் சொல்லுவாங்க. நீ காதுல வாங்காத.

அவுககிட்ட ஒரு வார்த்தை கேக்கணுமா? கேளேன். பதில் வராது, நான்தான் சொல்லணும். வா, கிட்ட வா. ஏங்க, சத்திரப்பட்டியிலருந்து ஒரு பொண்ணு வந்திருக்கு, அதோட அப்பாவுக்கும் உங்க நோவுதான். போன்ல அந்த வகுப்பு இருக்குல்ல, அதுல சேக்கலாமான்னு கேக்குது. வேண்டாம்னு சொல்லிட்டேன். சரிதானுங்களே?

பாத்தியா, முகத்துல ஒண்ணும் இல்ல. கண்ணு மட்டும் உன்னையே பாக்குது. புது ஆளுல்ல.

ஐயோ, இது ஆரம்பிச்சிருச்சு பாரு. போர்வைக்கு மேல கையைப் பாரு. விரிக்கிறாக, மூடுறாக. விரல் எல்லாம் பெருசா விரியுது, அப்புறம் மூடுது, மறுபடி விரியுது. வாய் வேற கூடவே முணுமுணுங்குது. யாரு வந்தாலும் இப்ப இப்படித்தான். நேத்து பொன்னுராசு வந்தப்பவும் இதே. அவன் சொல்றான், இது நடுக்கம் இல்லம்மா, மாஸ்டர் பயிற்சி எடுக்கிறாரு, வாய்க்குள்ள எண்ணிக்கிட்டிருக்காரு, விடுங்கன்னு. ஃபிட்டருக்கு என்ன தெரியும். இத்தனை வருசம் கூட இருக்கேன், நடுக்கம் எது, மத்தது எதுன்னு எனக்குத் தெரியாதா? மாத்திரையைக் கூட்டச் சொல்லணும்.

மாத்திரை வர்ற வரைக்கும் இதுதான் வழி. ரெண்டு கையையும் இப்படிச் சேத்து வச்சு, மேல என் கையை வச்சு நல்லா அமுக்கிப் பிடிச்சுக்கணும். முதல்ல கொஞ்சம் முண்டும். பலமாத்தான் முண்டுவாக, இந்த உடம்புல எங்கிருந்துதான் வருதோ. விடக் கூடாது. பேசாம பிடிச்சுக்கிட்டே இருந்தா அடங்கிரும்.

இரு. இந்தா.

அடங்கிருச்சு பாரு.